கொச்சி யோகத்தின் பணப்பெட்டி

வரலாற்றுத் தொடர்: ஊர்ப் பொதுப்பணம் – 17

சாகாமம் குளத்துக்குக் கீழே கிடக்கும் வயல்வெளி, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே பச்சை. உறுதி எழுதுகிறவர் கண்ணுக்கு அப்படித் தெரியாது. இது போடியாருடையது, இது மகளுக்குச் சீதனமாகப் போனது, இது கோயிலுக்கு விட்டது, இது பள்ளிக்கு வக்பு செய்தது என்று கிழக்குக் கரையின் எந்த வட்டையும் கணக்குப் பிரிந்துதான் கிடக்கும். வக்பு வயல்களின் நெல் எப்படிப் பள்ளிவாசலின் விளக்கெண்ணெயாகவும் லெப்பையின் கூலியாகவும் ஏழை வீட்டு ஜனாஸாச் செலவாகவும் மாறியது என்பதைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். தாய்வழிக் குடிக்கு ஒருவராக மரைக்கார்மார் கூடி அந்தக் கணக்கை நடத்தியதையும், 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் வந்து பள்ளி நிர்வாகத்தை நம்பிக்கையாளர் சபை என்று பதிவேட்டுக்குள் கொண்டு வந்ததையும் சொன்னோம்.

இந்த இதழில் கடல் தாண்டிக் கொச்சிக்குப் போகிறோம். நமது மரைக்கார் சபைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க ஓர் ஏற்பாட்டை அங்கே ஒரு யூதச் சமூகம் தலைமுறை தலைமுறையாக நடத்தியிருக்கிறது. யூதர் என்றதும் இன்று இந்தக் கரையில் பலருக்கு நினைவுக்கு வருவது அறுகம்குடாவில் ஹீப்ரு எழுத்தில் தொங்கும் பெயர்ப்பலகைகளும் அவற்றைச் சுற்றிய வாக்குவாதமும்தான். அது உல்லாசப் பயணிகளின் கதை, இன்றைய அரசியலின் கதை. அதற்கு வேறு பத்திகள் இருக்கின்றன. நான் சொல்ல வருகிறவர்கள் மிளகு வியாபாரத்தோடு வந்து, மலையாளம் பேசி, அரிசிச் சோறும் தேங்காய்ப்பால் கறியும் உண்டு, அந்த மண்ணிலேயே மௌத்தாகி அடங்கியவர்கள்.

அவர்களிடம் இருந்த மிகப் பழைய பணப் பத்திரம் ஒரு செப்பேடு. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, கொடுங்கல்லூரான முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு, இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்தான். யூதர்கள் அவரை ஜோசப் ரப்பான் என்பார்கள். வட்டெழுத்தில் வெட்டிய அந்த மொழி, கொஞ்சம் நிதானித்துப் படித்தால் நமக்கும் விளங்கும் பழந்தமிழ். குடை, பல்லக்கு, பகல் விளக்கு என்ற மரியாதைகளைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும் வரிச்சலுகை. சுங்கமும் தராசுக்கூலியும் அவருக்கு விடப்பட்டன. நகரத்தார் மற்றவர்கள் அரண்மனைக்குக் கட்டுவதை அவர் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் பெறுவதை எல்லாம் அவரும் பெறலாம். இந்த உரிமை ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்கு, மருமக்களுக்கு, மகளை மணந்த மருமகனுக்கு என்று வழிவழியாக இறங்குகிறது. மகள் வழியில் சொத்து இறங்குவதைக் கண்டு பழகிய கரை நமது கரை. அந்தக் கடைசிப் பகுதியைப் படிக்கும்போது நமது பக்கத்துக் காணி உறுதி ஒன்றைப் படிப்பது போலவே இருக்கும்.

அஞ்சுவண்ணம் என்பது அதற்கும் முந்திய பெயர். 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த நிலத்தையும் வருமானத்தையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் ஒப்படைக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபிலும் பஹ்லவியிலும் ஹீப்ரு எழுத்திலும் இருக்கின்றன. பின்னால் தமிழ்நாட்டுக் கரையில் அதே பெயர் முஸ்லிம் வணிகரைக் குறிக்கவும் வழங்கியது. ஆகவே பொதுப்பணத்தைக் கூட்டாகக் காக்கும் பழக்கத்தை இந்துமாக்கடலில் எந்த மதத்தார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே கப்பலில் வந்த பழக்கம் அது.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைக் கெடுத்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது. யூதர்கள் சிறிது சிறிதாகத் தெற்கே நகர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொடுங்கல்லூரில் எஞ்சியிருந்ததையும் அழித்தபோது, கொச்சி அரசன் மட்டாஞ்சேரியில் தன் அரண்மனைச் சுவரை ஒட்டியே அவர்களுக்கு நிலம் கொடுத்தான். அங்கே 1568இல் எழுந்தது பரதேசி ஜெபாலயம். அறுபது ஆண்டுகள் கழித்து, அதே போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புக் கரையில் குடியேற்றினான் என்று நமது வரலாறு சொல்கிறது. 1626, நாலாயிரம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள். துரத்தியவர் ஒருவர்தான். அடைக்கலம் கொடுத்தவர்கள் உள்ளூர் அரசர்கள். அடைக்கலத்தோடு நிலம் வந்தது. இரண்டு கரையிலும் பொதுப்பெட்டி நிரம்பியதற்கு அந்த நிலம்தான் முதற்காரணம்.

பெட்டியைப் பற்றிய சட்டம் அவர்களுக்கு நிலத்துக்கு முன்பே இருந்தது. யூத மார்க்க நூலான தல்மூத் பொதுத் தருமப் பெட்டியைக் கூப்பா என்கிறது. அதற்கு இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும். தனியாக ஒருவர் போகக் கூடாது. பங்கிடுவதற்கு மூவர் வேண்டும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்பது தீர்ப்புச் சொல்வதற்குச் சமம். ஊருக்குப் புதிதாக வந்தவர் எப்போதிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதற்கும் கணக்கு உண்டு. முப்பது நாள் தங்கிவிட்டால் அன்றாடச் சோற்றுத் தட்டுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஆனால் தருமப் பெட்டிக்கு. ஆறு மாதத்தில் உடுதுணிச் செலவுக்கு, ஒன்பது மாதத்தில் அடக்கச் செலவுக்கு, ஒரு வருடம் ஆனால் ஊரின் மற்றப் பொதுச் செலவுகளுக்கும். நமது ஊர்களில் சந்தாக் கொப்பியில் புதியவர் பெயரை எப்போது ஏற்றுவது என்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து எழுதிய மைமோனிடிஸ், கூப்பா இல்லாத ஒரு யூத ஊரைத் தான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்கிறார். அவருக்கு நமது கடலோடு ஒரு துயரத் தொடர்பும் உண்டு. மாணிக்க வியாபாரத்தில் குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்துமாக்கடலில் கப்பலோடு மூழ்கிப் போனார். தம்பியிடமிருந்த குடும்பப் பணமும் பிறர் நம்பிக் கொடுத்திருந்த பணமும் சேர்ந்தே போயின. மைமோனிடிஸ் வைத்தியத்தைச் சீவனோபாயமாகக் கொண்டது அதற்குப் பிறகு. தருமத்தில் எட்டுப் படிகள் என்று அவர் வகுத்ததில் மேலான படி, விழுந்தவனுக்குக் கடனோ கூட்டு வியாபாரமோ கொடுத்து மறுபடி கையேந்தாமல் நிற்க வைப்பது. கடலில் முதலைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து அந்தப் படி வந்திருக்கிறது.

கொச்சிக்குத் திரும்புவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எட்டு ஜெபாலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியின் ஒரே தெருவில் மூன்று: பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம். எறணாகுளத்தில் அதே கடவும்பாகம், தெக்கும்பாகம் பெயர்களில் இரண்டு. சேந்தமங்கலம், பறவூர், மாளை என்று உள்ளே மூன்று. எட்டு ஜெபாலயம் என்றால் எட்டுப் பெட்டி. ஒன்றுக்கொன்று உறவு உண்டு, கணக்கு வேறு. ஒவ்வொன்றையும் அதன் யோகம் நடத்தியது. யோகம் என்றால் வயது வந்த ஆண்கள் கூடும் சபை. கொச்சியில் ரப்பிமார் என்று தனியாக யாரும் இருந்ததில்லை. மூத்தோரும் படித்தோரும் சபையில் பேசித் தீர்த்தார்கள். அவர்களுக்கு மேலே அரசன் அமர்த்திய முதலியார் ஒருவர் இருந்தார். சிறு வழக்குகளைத் தீர்த்து அபராதம் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

வருமானத்தின் முதுகெலும்பு வாடகையும் குத்தகையும். பிள்ளையில்லாதவரும் வசதியுள்ளவரும் ஜெபாலயத்துக்கு எழுதி வைத்த வீடு, கடை, தென்னந்தோட்டம். பிறகு நேர்ச்சைப் பணம். வேத ஏடு வாசிக்க அழைக்கப்படுகிறவர் இவ்வளவு தருகிறேன் என்று சபை முன்னால் சொல்வது யூத உலகம் எங்கும் உள்ள வழக்கம். ஓய்வு நாளில் காசைத் தொடக் கூடாது. ஆகவே வாயால் சொன்னது கடனாக நிற்கும், வாரநாளில் வந்து கட்ட வேண்டும். பத்துப் பேர் காதில் விழுந்த கடனுக்குப் பத்திரம் தேவைப்படவில்லை.

பெண்களின் பங்கு வேறு வடிவில் வந்தது. அவர்களுடைய விழாக்காலப் பட்டாடைகள் வேதப் பேழையின் திரைச்சீலைகளாயின. கணக்கேட்டில் அவர்கள் பெயர் அதிகம் ஏறியிருக்காது. பேழையைத் திறக்கும்போதெல்லாம் எந்த வீட்டுச் சேலை அது என்று மாடியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரியும்.

செலவு பெரும்பாலும் சிறு சிறு காசு. விளக்குக்குத் தேங்காயெண்ணெய். தொழுகை நடத்தும் ஹஸ்ஸானுக்கும் முறைப்படி அறுக்கும் ஷோகெத்துக்கும் கூலி. பாஸ்கா காலத்துப் புளிக்காத அப்பத்தைச் சமூகமாகக் கூடிச் சுட்டார்கள். தானியம் பொறுக்குவதிலிருந்து எல்லாம் கடுமையான சுத்தத்தோடு நடக்க வேண்டிய வேலை. ஏழை வீடு தனியாகச் செய்ய முடியாததைக் கூட்டு அடுப்பு செய்து கொடுத்தது. கலியாணமும் அடக்கமும் ஊர்க் காரியங்கள். இவற்றோடு பலஸ்தீனத்துப் புனித ஊர்களான சபெத், திபேரியா, எருசலேம் ஆகியவற்றின் ஏழை மாணவர்களுக்கென்று கடிதத்தோடு தூதர்கள் வந்துபோனார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. பணம் வெளியே போனது போல உள்ளேயும் வந்தது. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா தெ பைவா தலைமையில் ஒரு குழு வந்து பார்த்துப் போனது. கொச்சி யூதரைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை மறுவருடம் அச்சாயிற்று. ஆம்ஸ்டர்டாம் சமூகம் புத்தகங்களை அனுப்பி வைத்தது. போர்த்துக்கேயரின் அடியில் ஏடுகளை இழந்திருந்த ஒரு சமூகத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை.

பெரிய கைகளும் உண்டு. எசெக்கியேல் ரஹாபி (1694–1771) டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகர். மிளகு வாங்கினார், அரசர்களிடம் தூது போனார். 1760இல் பரதேசி ஜெபாலயத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கட்டியவர் அவர். தரையில் பதித்த நீலவெள்ளைச் சீன ஓடுகளும் அவர் காலத்து உபயம்தான், 1762. திருவிதாங்கூர் அரசர் வேத ஏட்டுக்குப் பொன்முடி கொடுத்தார். இன்று கொச்சிக்குப் போகிறவர் இவற்றைத்தான் பார்க்கிறார், படம் எடுக்கிறார். தினம் தினம் எண்ணெய் ஊற்றிய தென்னந்தோட்டத்தை யாரும் காட்டுவதில்லை. நமது ஊரிலும் மினாராவுக்குக் காசு தந்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. கக்கூசுக்குக் குழாய் போட்டவர் பெயர் எங்கே இருக்கிறது?

தெருவில் இன்னொரு மரியாதையும் இருந்தது. 1615 அளவில் இறந்த நெகேமியா மோத்தா என்ற யூதப் பெரியவரின் கபுறுக்கு யூதர் மட்டுமல்லாமல் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் நேர்ச்சை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவுலியாக்களின் ஸியாரங்களைச் சுற்றி நமது கரையில் நடந்ததும் இதுதான். இந்தக் காலத்தில் அதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் கடிதம் வரும் என்பதால் மேலே போகிறேன்.

இவ்வளவும் நல்ல கதை. யோகத்தில் உட்காரும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்கும்போது கதை மாறுகிறது.

பரதேசி ஜெபாலயத்தில் முழு உறுப்பினர் யெகீதிம் எனப்பட்டனர். அவர்களுடைய வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்களது சந்ததியும் மெசுஹ்ராரிம். இவர்களும் யூதர்கள்தான், அதே ஓய்வு நாள், அதே நோன்பு, அதே உணவு விலக்குகள். ஆனால் உள்ளே வாங்கில் இடமில்லை. முன்னறையிலோ படியிலோ தரையிலோ உட்கார வேண்டும். வேத ஏடு வாசிக்க அழைப்பில்லை. அடக்க இடம் வேறு. யோகத்தில் வாக்கில்லை. பரதேசிகளுக்கும் மற்ற ஏழு ஜெபாலயங்களின் மலபாரி யூதருக்கும் இடையில் கொள்வினை கொடுப்பினையும் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு பிடி அரிசி மெசுஹ்ராரிமுக்கும் கிடைத்திருக்கலாம். பெட்டியைத் திறந்து எண்ணும் மூவரில் ஒருவராக இருக்க முடியாது.

இது மார்க்கத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி புதிதாக வந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கடிதம் போயிற்று. அங்கே பெரிய மார்க்க அறிஞராக இருந்த தாவீது இப்னு ஸிம்ரா, முறைப்படி நீராடிச் சேர்ந்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், அவர்களோடு திருமணமும் செய்யலாம் என்று பத்வாப் போல விடை எழுதினார். விடை வந்து சேர்ந்தது. நடைமுறை நானூறு ஆண்டுகள் அப்படியே நின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெசுஹ்ராரிம் சிலர் பிரிந்து கொச்சிக் கோட்டைப் பக்கம் போய்த் தனியாகத் தொழுதார்கள். நிலமும் வாடகையும் இல்லாத புதுச் சபைக்குப் பக்தி மட்டும் போதவில்லை, அது நிலைக்கவில்லை.

மெசுஹ்ராரிம் வழியில் வந்தவர் ஏ. பி. சாலெம் (1882–1967). சென்னையில் படித்துப் பட்டமும் சட்டமும் பெற்றவர். கொச்சிச் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையும் 1939 முதல் 1945 வரையும் இருந்தார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தார். ஊர் முழுவதற்கும் வாதாடிய வழக்கறிஞர் தன் ஜெபாலயத்தில் படியில் உட்கார வேண்டியிருந்தது. சத்தியாக்கிரகத்தை அவர் அங்கேயே கொண்டு வந்தார். சிலகாலம் ஜெபாலயத்தைப் பகிஷ்கரித்தார். சிலகாலம் படியிலேயே உட்கார்ந்து விடாமல் வாதாடினார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது. 1930களில் உள்ளே உட்கார இடமும், 1940களில் மற்ற உரிமைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசி வீட்டுப் பெண்ணைக் கலியாணம் செய்யப் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது.

பரதேசிகளைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு வசதி இல்லை. குடி எண்ணி மரைக்கார் அமர்த்திய நாட்களில் எந்தக் குடியிலும் எண்ணப்படாமல் நின்றவர்கள் யார், அவர்களுக்கு எந்தத் தொழிலை வைத்துப் பெயர் சொன்னார்கள் என்பது நமது மூத்தவர்களுக்குத் தெரியும். பங்கு கொடுத்தோமே என்பார்கள். கொச்சியிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கையேந்துகிறவனுக்குக் கொடுப்பதில் பெட்டிக்காரருக்குச் சிரமம் இருந்ததில்லை. கணக்குக் கேட்கிறவனுக்கு இடம் விடுவதில்தான் இருந்தது.

இனி நடந்தது வேகமாக நடந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானது. கொச்சி யூதர் அப்போது ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்; பரதேசிகள் அதில் சிறு பகுதி. மலபாரிச் சபைகள் மொத்தமாகப் புறப்பட ஆயத்தமாயின. யானைக்கால் நோய் பரவும் என்ற பயத்தில் இஸ்ரேல் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். சாலெம் அதற்காகவும் பேசப் போனார். 1954, 1955இல் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நேகெப் பாலைவனத்து நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியமர்ந்தார்கள். மிளகும் மீனும் முட்டையும் விற்றவர்கள் ரோசாப்பூ வளர்த்தார்கள்.

பின்னால் விட்டுப்போன சொத்தை என்ன செய்வது? மாளை யூதர்கள் 1955இல் ஜெபாலயத்தையும் மையவாடியையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் எழுதிக் கையளித்தார்கள். கட்டடத்தைப் பொதுக் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மையவாடியைக் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மையவாடியின் நிலத்தைப் பற்றி மாளையில் பிறகு வழக்கும் வாக்குவாதமும் ஓயவில்லை. காவலுக்கு ஆள் இல்லாத வக்புக் காணியை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் கயிற்றுப் பண்டகசாலையாயிற்று. அதன் மரவேலைப்பாடு 1990களில் எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்தது. சேந்தமங்கலமும் பறவூரும் அரசாங்கச் செலவில் திருத்தப்பட்டு அருங்காட்சியகங்களாக நிற்கின்றன.

பரதேசிகள் தாமதித்தார்கள். அவர்களுடைய செல்வம் நிலத்திலும் வியாபாரத்திலும் இருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அதை வெளியே எடுக்க விடவில்லை. 1968இல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், முத்திரை வெளியிட்டார்கள். 1970 தொடக்கத்தில் கேரள நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து குத்தகைக்காரர் காணிக்காரரானார்கள். குத்தகைக்காரர் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயம். வாடகையில் நின்ற பொதுப்பெட்டிகளுக்கு அது பெரிய அடி. ஆனால் பெட்டி காலியானதால் ஜெபாலயம் அடங்கவில்லை. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பணத்துக்கு அறக்கட்டளையும் பயணிகளிடம் வாங்கும் சிறு நுழைவுக் கட்டணமும் இருந்தன. பத்தாவது ஆணுக்குத்தான் வெளியூர்க்காரரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

எறணாகுளத்துச் சந்தைத் தெருவில் கடவும்பாகம் ஜெபாலயத்தின் கதி கொஞ்சம் வேறு. தொழுகை நின்றுபோன பிறகு அதன் முன்கட்டில் வண்ணமீனும் செடிகளும் விற்கும் கடை நடந்தது. நடத்தியவர் அங்கேயே தங்கிவிட்ட ஒரு யூதர். செடித் தொட்டிகளைத் தாண்டி, கடைக்காரரிடம் கேட்டால், உள்கதவைத் திறந்து காட்டுவார். வேறு எந்தக் கூட்டமும் ஏற்காத பராமரிப்பைக் கடை ஏற்றது. பிற்பாடு கட்டடம் திருத்தப்பட்டு, வேத ஏடும் திரும்பி வந்தது.

அடுத்த இதழில்: கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றச் செலவு, நாகூர்த் தொடர்பு, குடிகளின் பங்கு.